லிஃப்ட்காரர் மாட்டிய பல்

கழன்று விழுந்த எந்தப் பொருளையும் சூடு ஆறுவதற்குள் அதே இடத்தில் மாட்டிவிட வேண்டும் என்பது லிஃப்ட்காரரின் கொள்கை. கொள்கை உள்ள மனிதர்களைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள், அப்படிப்பட்ட ஒருவரிடம் இரண்டு வயதுக் குழந்தையை ஒரு மதியம் ஒப்படைத்துப் பார்க்கலாம்.

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுவது மரியாதை. லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாடி எண்ணை அமுக்குகிறவர் அல்ல அவர். லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டால் சாவியும் டூல்ஸ் பெட்டியுமாக வந்து, கதவைப் பிளந்து, உள்ளே வியர்த்துக் கொண்டிருப்பவரை வெளியே இழுத்துப் போடுகிற மெக்கானிக். இழுத்துப் போட்டதும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“உள்ள சிவப்பா ஒரு பட்டன் இருக்கே, அமுக்குனீங்களா?”

யாரும் அமுக்கியிருக்க மாட்டார்கள். கதவைத் தட்டியிருப்பார்கள், உதைத்திருப்பார்கள், மனைவிக்கு போன் போட்டுத் திட்டு வாங்கியிருப்பார்கள். கண்ணுக்கு நேரே இருக்கும் பட்டனை மட்டும் தொட்டிருக்க மாட்டார்கள்.

“அது என்ன, அழகுக்கா வெச்சிருக்கு?” என்பார். மனித குலத்தின் மேல் அவருக்கு இருந்த ஏளனம் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

அவர் குடியிருந்தது ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்து அறையில். நாலாவது மாடியில் அக்கா. சாப்பாடு அங்கே. அக்கா இன்சூரன்ஸ் ஆபீசில் நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். வீடு எரிந்தது என்று ஒருவர் அழுதுகொண்டே வந்தால், “எந்தப் பக்கத்துலேர்ந்து எரிய ஆரம்பிச்சது?” என்று கேட்கிற பெண்மணி. அத்தான் ஊர் ஊராகப் போய் மருந்து விற்கிறவர். வீட்டில் இருக்கும் நாட்களிலும் பஸ்சுக்கு நேரமாகிவிட்ட முகத்தோடுதான் இருப்பார். இவர்களுக்கு ஒரே மகள். எல்லோரும் குட்டி என்று கூப்பிட்டார்கள்.

சம்பவ தினத்தன்று அக்கா ஆபீசில், அத்தான் ஏதோ ஓர் ஊரில், குட்டி லிஃப்ட்காரரின் பொறுப்பில். அந்த நேரம் பார்த்துக் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்றது. உள்ளே குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அந்த லிஃப்டைப் பராமரிக்க ஆகும் செலவு வீண் என்று கூட்டத்தில் பேசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்.

லிஃப்ட்காரர் ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குட்டி என்று இரண்டாவது மாடிக்குப் போனார். பெட்டியைச் சுவரோரம் வைத்து, அதன்மேல் குழந்தையை உட்கார வைத்தார்.

“இங்கயே இரு. மாமா அந்தத் தாத்தாவை எறக்கிட்டு வந்துடறேன்.”

வெளிக்கதவைத் திறந்தபோது மேலே செயலாளரின் பளபளப்பான காலணிகள் மட்டும் தெரிந்தன. காலணிகள் பேசின. அந்த அதிசயத்தை நன்றாகப் பார்ப்பதற்காகக் குட்டி பெட்டியின் மேல் எழுந்து நின்றாள். பெட்டியில் எண்ணெய் படிந்திருந்தது. வழுக்கியது. விழும்போது பெட்டியின் இரும்பு விளிம்பில் வாய் பட்டது.

ரத்தம், அலறல், தரையில் ஓர் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு பல். மேல்வரிசையில் நடுப்பல். அதற்குப் பக்கத்துப் பல் விழவில்லை. ஆனால் பாதிக்கு மேல் காணவும் இல்லை, ஈறுக்குள் ஏறிப் போயிருந்தது.

“என்னய்யா சத்தம்? மொதல்ல என்னை எறக்குய்யா!” என்றன காலணிகள்.

லிஃப்ட்காரருக்கு அந்தக் கணத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. ஒரு பாகம் கழன்று கிடக்கிறது. அது இருந்த இடம் காலியாக இருக்கிறது. கை சும்மா இருக்குமா? அதோடு அவருக்கு விஷய ஞானமும் இருந்தது. ஒரு பல் மருத்துவமனையில் லிஃப்ட் வேலை பார்த்தபோது, சுவரில் ‘விழுந்த பல்லை உடனே பாலில் போடுங்கள், பத்திரமாகத் திரும்பப் பொருத்தலாம்’ என்று எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். அதற்குக் கீழே இன்னும் ஏதோ எழுதியிருந்தது. அதைத் தண்ணீர் கேன் மறைத்திருந்தது. உலகத்தில் பாதி மட்டும் படித்தவர்கள் செய்த காரியங்களின் நீண்ட வரிசையில் அடுத்ததாக, அவர் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறி நாலாவது மாடிக்கு ஓடினார். பல்லைக் கழுவினார். பாலில் போட்டார். எடுத்தார். குழந்தையின் வாயைத் திறந்து, பள்ளத்தில் வைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து.

‘டக்.’

அழுதுகொண்டிருந்த குட்டி ஆச்சரியத்தில் நிறுத்திவிட்டாள். லிஃப்ட்காரர் தன் கட்டைவிரலைப் பெருமையோடு பார்த்தார். பிறகு அக்காவுக்கு போன் போட்டார்.

“அக்கா, குட்டி விழுந்துட்டா. பல்லு ஒண்ணு வந்துடுச்சு. பயப்படாத, மாட்டிட்டேன்.”

“என்ன பண்ணிட்ட?”

“மாட்டிட்டேன். கச்சிதமா ஒக்காந்துருச்சு.”

“டேய், அது பல்லுடா! பல்பு இல்ல!”

குழந்தைகளுக்கான பல் டாக்டரின் அறையில் ஒரு மீன்தொட்டியும், சுவரில் உயரம் அளக்க ஓர் ஒட்டகச்சிவிங்கியும் இருந்தன. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து குட்டியை மடியில் வைத்துக்கொள்ள, டாக்டரம்மா எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, குழந்தையின் தலையைத் தன் மடியில் சாய்த்து வாய்க்குள் வெளிச்சம் அடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

“யாரு இந்தப் பல்லை உள்ள வெச்சது?”

லிஃப்ட்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். “நான்தான் டாக்டர்.”

“நல்லா வெச்சிருக்கீங்க.”

அவர் அடக்கத்தோடு தலையைக் குனிந்தார்.

“இப்ப இதை நான் கழட்டணும்,” என்றார் டாக்டரம்மா. “பால்பல் விழுந்தா விழுந்ததுதாங்க. திருப்பி வைக்கவே கூடாது. பாலில் போட்டுக் கொண்டுவாங்கன்னு சொல்றது பெரிய பல்லுக்கு. பால்பல்லுக்கு மேல, எலும்புக்குள்ள, பெரிய பல்லு மெதுவா வளர்ந்துட்டிருக்கும். பிஞ்சு மாதிரி. நீங்க அழுத்தினது அதோட தலையில.”

 லிஃப்ட்காரர் தனக்குப் புரிகிற மொழியில் அதை மாற்றிக்கொண்டார்.

“அப்போ... மேல ஆள் நின்னு வேலை செய்யறப்போ, கீழேர்ந்து லிஃப்ட் பெட்டியை ஏத்திட்டேன்.”

“என்ன பெட்டி?”

“ஒண்ணுமில்ல டாக்டர்,” என்றார். முகத்தில் ரத்தம் இல்லை. அவர் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மாட்டிய பல் கழற்றப்பட்டது. ஈறுக்குள் ஏறிய பக்கத்துப் பல்லை யாரும் தொடக்கூடாது, சில மாதங்களில் தானே இறங்கிவரும், இறங்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது லிஃப்ட்காரரின் கட்டைவிரலைத்தான் பார்த்தார். கொஞ்ச நாளைக்குக் கடிக்க ஒன்றும் வேண்டாம், மசித்த வாழைப்பழம், ஆறிய சாப்பாடு. பாட்டில் ரப்பரும் விரல் சூப்பலும் கூடாது. சாப்பிட்டதும் மருந்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஈறைத் துடைக்க வேண்டும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆபீஸ் குரலில் கேட்டாள்.

“இவன் பண்ணினதால மேல இருக்கிற பல்லுக்குச் சேதமா இல்லையா?”

“இப்ப சொல்ல முடியாதும்மா. அடி பட்டதாலயும் ஆகலாம், அழுத்தினதாலயும் ஆகலாம், ஒண்ணுமே ஆகாமலும் இருக்கலாம். வெளிய வரும்போதுதான் தெரியும்.”

“எப்ப வரும்?”

“ஆறு, ஏழு வயசுல.”

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். விசாரணை முடியும்வரை ஊரை விட்டு வெளியேறக் கூடாது என்கிற பார்வை. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு அனுபவம் உள்ளவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அப்போதுதான் லிஃப்ட்காரருக்குச் செயலாளர் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டடத்தின் சரித்திரத்திலேயே முதல்முறையாக ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டதும் ஒழுங்காகச் சிவப்புப் பட்டனை அமுக்கியிருந்தார். விடாமல் அமுக்கியிருந்தார். அந்த மணி அடிக்கும் இடம் தரைத்தளத்தில் மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஆளில்லாமல் கிடந்த லிஃப்ட்காரரின் அறை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் நம் கதாநாயகரின் நஷ்டம் முழுதாக விளங்காது. அவர் வாழ்நாள் முழுதும் தொட்டதெல்லாம் கிழட்டு லிஃப்டுகள். மடக்குக் கதவு வைத்தவை, இருமிக்கொண்டே ஏறுகிறவை. அவருடைய ஆசை ஒன்றே ஒன்று: மேகத்தை உரசும் கட்டடத்தில், ஏறும்போது காது அடைத்துக்கொள்கிற, ஆனால் தரையில் வைத்த தண்ணீர் டம்ளர் தளும்பாத லிஃப்ட் ஒன்றைத் தன் கையால் பொருத்திப் பார்க்க வேண்டும். அவர் கம்பெனிக்குத் தொலைவில் வேறொரு நகரத்தில் அப்படிப்பட்ட வேலைகள் இருந்தன. குட்டி விழுந்த அடுத்த மாதம் மானேஜர் கூப்பிட்டார்.

“யோவ், அங்க சூப்பர்வைசர் இடம் காலியா இருக்கு. நீ போறியா?”

லிஃப்ட்காரரின் கண்ணில் டம்ளர் தெரிந்தது. அதற்குப் பின்னால் அக்கா தெரிந்தாள்.

“இப்ப முடியாது சார். ஒரு பல்லு வரணும்.”

“உனக்கா?”

“அக்கா பொண்ணுக்கு சார்.”

மானேஜர் நெடுநேரம் யோசித்துவிட்டு, புரிந்ததுபோல் தலையாட்டினார். அந்த நகரத்துக்குப் போன யாரும் ஒரு மழைக்காலத்துக்குமேல் தாங்குவதில்லை என்பதால் வருடா வருடம் அந்த நாற்காலி காலியானது. வருடா வருடம் கேட்டார். வருடா வருடம் பல் வரவில்லை.

இதற்கிடையில் நாலாவது மாடியில் ஓர் ஆட்சிமுறை உருவாகியிருந்தது. கேஸ் சிலிண்டர் தூக்க, பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவர, பரண் ஒழிக்க, அத்தானின் உறவினர்களைப் பஸ் ஏற்ற, எல்லாவற்றுக்கும் லிஃப்ட்காரர். “இன்னைக்கு ஒரு வேலை இருக்குக்கா” என்று அவர் இழுத்தால் அக்கா கோபப்பட மாட்டாள், கெஞ்ச மாட்டாள். உள்ளே பார்த்து அமைதியாகச் சொல்வாள்.

“குட்டி, இங்க வா. ஆ காட்டு.”

குட்டி வந்து ‘ஆ’ என்று வாயைத் திறப்பாள். மேல்வரிசை நடுவில் அந்த ஓட்டை. வாசற்கதவு திறந்து கிடப்பதுபோல. லிஃப்ட்காரர் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொள்வார்.

குழந்தைகள் பார்த்துப் பழகுவதில் வல்லவர்கள். நாலு வயதிலேயே குட்டிக்கு அந்த ஓட்டையின் அருமை தெரிந்துவிட்டது. ஐஸ்கிரீம் வேண்டுமா? ஆ. லிஃப்டில் சும்மா மேலும் கீழும் போய்வர வேண்டுமா? ஆ. இருமல் மருந்தை மாமா குடித்துவிட்டு அம்மாவிடம் குட்டி குடித்ததாகச் சொல்ல வேண்டுமா? ஆ. பல்லுக்காகக் காத்திருந்த ஐந்து வருடங்களில் லிஃப்ட்காரருக்கு இருமலே வந்ததில்லை.

“ஏய், அம்மா காட்டச் சொன்னாத்தான் காட்டணும்,” என்று ஒருநாள் கெஞ்சினார்.

“என் வாய் மாமா,” என்றாள் குட்டி.

ஈறுக்குள் ஏறிய பல், டாக்டரம்மா சொன்னபடியே தானே இறங்கி வந்தது. வந்தது சாம்பல் நிறத்தில். அக்கா தம்பியை இழுத்துக்கொண்டு மறுபடி மீன்தொட்டிக்கு ஓடினாள். அடி பட்ட பால்பல் இப்படி நிறம் மாறும், வீக்கமோ சீழோ இல்லாதவரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிற வைத்தியம்தான் லிஃப்ட்காரருக்கு எல்லா மருந்தையும்விடக் கசந்தது. கையில் ஸ்பேனரோடு பிறந்தவரை, கையைக் கட்டிக்கொண்டு ஒரு வாயையே பார்த்துக்கொண்டிரு என்றால்?

ஆறு வயதில் கீழ்ப்பற்கள் ஆடின.

“இதை நீ தொட்டியா?” என்றாள் அக்கா.

“அது தானா ஆடுதுக்கா! வயசு!”

“கேட்டேன், அவ்வளவுதான்.”

பிறகு அந்தச் சாம்பல் பல் விழுந்தது. அந்த இடத்தில் பெரிய பல் முளைத்தது. ஈறைக் கிழித்துக்கொண்டு வந்த அதன் முனையில், டீ சொட்டியதுபோல் பழுப்பாக ஒரு தழும்பு.

லிஃப்ட்காரர் அன்று சாப்பிடவில்லை. அது அவர் விரல் படாத பல். தொடாததற்கே இந்தக் கதி என்றால், தொட்டதற்கு? அது இன்னும் வரவே இல்லை. மாதங்கள் போயின, ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. குட்டியின் வகுப்பில் எல்லோருக்கும் முன்பற்கள் முறம்போல் வந்துவிட்டன. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் லிஃப்ட்காரர் மற்ற குழந்தைகளின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, ஒரு தாய் தன் பிள்ளையை மறைத்துக்கொண்டு போனாள்.

“உள்ளயே செத்துப் போயிருக்குமோக்கா?”

“நீ அழுத்தின அழுத்துக்கு மூளைக்கே போயிருக்கும்,” என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே சொன்னதாக அவள் பிற்பாடு சாதித்தாள். சிரிப்பை லிஃப்ட்காரர் பார்க்கவில்லை.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்து, பல் உள்ளே இருக்கிறது, பால்பல் ரொம்பச் சின்ன வயதில் போய்விட்டால் அந்த இடத்துப் பெரிய பல் தாமதமாகத்தான் வரும், ஈறு தடித்துப் போயிருக்கும், காத்திருங்கள் என்றார்.

காத்திருந்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவின் இடுக்கில் கண்ணை வைத்து வெளிச்சம் தேடுவார்களே, அப்படி அந்த ஓட்டைக்குள் தினமும் பார்த்தார். குட்டி பேரம் பேசி, ஒரு தடவை பார்க்க ஒரு சாக்லேட் என்று நிர்ணயித்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஈறில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

முழுப் பல்லும் தெரிகிறவரை பொறுத்திருந்து டாக்டரம்மாவிடம் போனார்கள். குட்டி இப்போது தானே நாற்காலியில் ஏறிப் படுத்து, யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தாள். அந்த வேலையில் அவளுக்கு அனுபவம் அதிகம். டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லிஃப்ட்காரர் ஒட்டகச்சிவிங்கியோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

“நீங்க அழுத்தின பல்லு எது?”

“புதுசா வந்தது டாக்டர்.”

“அது சுத்தமா இருக்கு. ஒரு கீறல் இல்ல.” கண்ணாடியைக் கீழே வைத்தார். “பக்கத்துப் பல்லுல இருக்கிற தழும்பு, விழுந்தப்போ பால்பல் உள்ள ஏறினதே, அதனால வந்தது. வளர்ந்தப்புறம் வேணும்னா மேல லேசா பூச்சு குடுத்து மறைச்சுடலாம். இப்ப ஒண்ணும் வேணாம்.” பிறகு லிஃப்ட்காரரைப் பார்த்தார். “உங்க விரல் அதிர்ஷ்ட விரல்ங்க. ஆனா இன்னொரு தடவை வேணாம்.”

வெளியே வந்ததும் லிஃப்ட்காரர் நடைபாதையிலேயே நின்றார். நெஞ்சில் ஐந்து வருடமாக ஏற்றி வைத்திருந்த சிலிண்டர் இறங்கியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒத்திகை பார்த்த குரலில் சொன்னார்:

“அக்கா. இனிமேயாவது நான் போகலாமா?”

“எங்க போகணும்?”

அவர் சொன்னார். நகரம், சூப்பர்வைசர், மேகம், டம்ளர், வருடா வருடம் மானேஜர் கேட்டது, வருடா வருடம் தான் மறுத்தது.

அக்கா நடுத்தெருவில் வாயைப் பிளந்தாள். “அடப்பாவி! அஞ்சு வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“நீ பல்லு வரட்டும்னு...”

“நானா சொன்னேன்? எப்ப சொன்னேன்?”

லிஃப்ட்காரர் யோசித்தார். பார்வைகள் ஞாபகம் வந்தன, சிலிண்டர்கள் ஞாபகம் வந்தன. அந்த வாக்கியம் மட்டும் எவ்வளவு தேடியும் அக்காவின் குரலில் கிடைக்கவில்லை. மானேஜரிடம் சொன்ன தன் குரலில்தான் கிடைத்தது.

“பின்ன அந்த ‘ஆ காட்டு’?”

“அது சிலிண்டர் தூக்கறதுக்குடா! நீ கேட்டிருந்தா, போய்த் தொலைடான்னு பெட்டி கட்டி அனுப்பியிருப்பேனே. கேக்கறதுக்கு என்ன, வாயில பல்லில்லாம போனது உனக்கா?”

லிஃப்ட்காரர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பாக, உள்ளங்கை அளவில், கண்ணுக்கு நேரே இருந்த ஒரு பட்டன் அவருக்கு நினைவு வந்ததா என்பது தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து, மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கும்போது அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அன்று மதியமே மானேஜருக்கு போன் போட்டார். நாற்காலி வழக்கம்போல் காலியாக இருந்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அக்கா அலமாரியிலிருந்து நல்ல பெட்டியாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள். அத்தான் எங்கிருந்தோ போன் செய்து, பயணத்தில் எந்த ஊரில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று விவரமாகச் சொன்னார். செயலாளர்கூட மாடிப்படியில் நின்று வாழ்த்தினார். லிஃப்டில் ஏறுவதை அவர் நிறுத்தி ஐந்து வருடம் ஆகியிருந்தது.

தரைத்தள அறையில் லிஃப்ட்காரர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது குட்டி வந்தாள். வந்து டூல்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அதில் எழுந்து நிற்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

“மாமா.”

“என்ன?”

“ஆ.”

“போதும்டி. அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சு. டாக்டரே சொல்லிட்டாங்க.”

“அது இல்ல. இங்க பாரு.” புதுப் பல்லுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த பால்பல்லை நாக்கால் தள்ளினாள். அது கதவுபோல் முன்னும் பின்னும் போய்வந்தது. “ஆடுது.”

“தானா விழும்.”

“வலிக்குது. நீதான் எடுக்கணும்.”

“நான் பல்லைத் தொட மாட்டேன். அம்மாகிட்ட போ.”

“அம்மா பாத்தாலே பயமா இருக்கு. டாக்டர் ஊசி வெச்சிருக்காங்க. நீதான் மாமா டக்குன்னு வைப்ப. அப்போ டக்குன்னு எடுக்கவும் தெரியும்.” அந்த ‘டக்’ அவளுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். “அப்புறம் நீ போயிட்டா, விழுந்ததை யார்கிட்ட காட்டறது?”

லிஃப்ட்காரர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். மடித்த சட்டையைப் பார்த்தார். பெட்டியின் மேல் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி, மூட அவசரமே இல்லாமல் காத்திருக்கும் அந்த முகத்தைப் பார்த்தார். அறைக் கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை.

போனை எடுத்தார்.

“சார், திங்கட்கிழமைன்னு சொன்னேன்ல... ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா?”

“ஏன்யா? பல்லுதான் வந்துடுச்சே?”

“அது வந்துடுச்சு சார். இப்ப ஒண்ணு ஆடுது.”

மறுமுனையில் மானேஜர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“இங்க பாரு. மொத்தமாச் சொல்லிடு. அந்தப் புள்ளைக்கு விழ வேண்டிய பல்லு இன்னும் எத்தனைதான்யா இருக்கு?”

“ஒரு நிமிஷம் சார்,” என்றார் லிஃப்ட்காரர். குட்டியின் பக்கம் குனிந்து, “இன்னும் நல்லா ஆ காட்டு,” என்று சொல்லி, எண்ணத் தொடங்கினார்.